சிஸ்டரைக் கேளுங்கள்: குதிகாலில் வந்த கறுப்பு

(அரசு மருத்துவமனைகளில் 33 வருடம், அதில் 19 வருடம் புற்றுநோய் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 72 வயது. இரும்புக் கடை வைத்திருந்தார். 4 வருடத்துக்கு முன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டார். வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு வெறுங்காலில் நடப்பவர். போன வருடம் வலது குதிகாலில் கறுப்பாக ஒன்று வந்தது. நடந்து நடந்து வந்த கால் ஆணி என்று நினைத்துப் பிளாஸ்திரி ஒட்டினோம். ஒருவரிடம் காட்டிச் சீவியும் எடுத்தோம். ஆறவில்லை. இந்தச் சித்திரையில் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. பயாப்ஸி பார்த்ததில் மெலனோமா என்ற புற்றுநோய் என்று வந்தது. பெட் ஸ்கேனில் நுரையீரலிலும் 3 இடத்தில் தெரிகிறது, நாலாம் கட்டம் என்கிறார்கள்.

டாக்டர் 3 வழி சொன்னார். இம்யூனோதெரபி ஊசி, அதிலேயே ஒன்று தனியாகவோ இரண்டு சேர்த்தோ போடலாம். இல்லாவிட்டால் கீமோ. இரண்டும் வேண்டாமென்றால் பாலியேட்டிவ் (வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை). முடிவு சொல்ல 10 நாள் கொடுத்திருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், வீட்டில் தன் பங்கை விற்றாவது இரண்டு ஊசியும் போடுவோம் என்கிறார். தம்பி, இந்த வயதில் அவரை வதைக்க வேண்டாம், சித்த மருந்து கொடுப்போம் என்கிறான். ஆத்தாவோ (அம்மா), அவர் காதில் அந்தச் சொல்லே விழக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். புண்ணில் சீழ் கோத்திருக்கிறது என்றுதான் அப்பச்சியிடம் சொல்லியிருக்கிறோம். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?
பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: ஆச்சி, வயதில் நான்தான் மூத்தவளாக இருப்பேன். ஆனால் கானாடுகாத்தானில் ஒரு கணக்கப்பிள்ளைக்குப் பிறந்தவள் வாயில் செட்டிநாட்டு வீட்டுப் பெண்களுக்கு வேறு அழைப்பு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மனதை அரிப்பதாக நான் நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழனிக்கு நடந்ததால் இது வந்ததென்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மெலனோமா என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வரும் புற்று. வெள்ளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வெயில் படும் இடத்தில் வரும். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலே படாத இடத்தில் வருவதுதான் அதிகம். கால் ஆணி என்றோ, ரத்தம் கட்டியது என்றோ நினைத்து நாள் போய்விடுவது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்ததையும் பந்து விளையாடிப் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981-ல் 36 வயதில் இறந்துபோனார். அதனால் பிளாஸ்திரி ஒட்டிய கையை இனி நொந்துகொள்ள வேண்டாம்.

சரி, அந்த 10 நாளுக்கு வருகிறேன். நான் நர்ஸ், டாக்டர் இல்லை. இதைப் போடுங்கள், அதைப் போடாதீர்கள் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பயாப்ஸி எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டையும் கேட்டு வாங்குங்கள். ‘பிளாக்’ என்றால் லேபில் புரியும். அதில்தான் பிராஃப், கிட் என்ற இரண்டு மரபணுக்களையும் சோதிக்க முடியும். பிராஃப் மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்று இரண்டு மாத்திரைகள் சேர்த்துக் கொடுப்பார்கள். வீட்டிலேயே சாப்பிடலாம், கட்டி சீக்கிரம் சுருங்கும். பலருக்கு ஒரு வருடம் போல வேலை செய்துவிட்டு, அப்புறம் புற்று அதற்குப் பழகிக்கொள்ளும். வெள்ளைக்காரர்களின் தோல் மெலனோமாவில் பாதிப் பேர் அளவுக்கு இருக்கும் இந்த மாற்றம், உள்ளங்கால் வகையில் குறைவு. குறைவுதானே என்று சோதிக்காமல் விடக்கூடாது. கிட் மாற்றம் இருந்தால் இமாட்டினிப் என்ற மாத்திரையை யோசிப்பார்கள். உங்கள் டாக்டர் சொன்ன 3 வழியில் இந்த மாத்திரைகள் வரவே இல்லை. சோதனை முடிவு இன்னும் வராமல் இருக்கலாம். கேளுங்கள். தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். மெலனோமாவுக்கு மூளைக்குப் போகிற பழக்கம் உண்டு. பெட் ஸ்கேனில் அது சரியாகத் தெரியாது.

இம்யூனோதெரபியைப் பற்றி அண்ணனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் உடம்பின் காவல் செல்களுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்று அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பித்துக்கொள்கிறது. இந்த மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாலாம் கட்ட மெலனோமா என்று கேஸ் ஷீட்டில் பார்த்தால், நாங்கள் நர்சுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இன்று அப்படி இல்லை. பெரிய ஆய்வு ஒன்றில் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இந்த வகை ஊசிகள் இரண்டும் சேர்த்துப் போட்டவர்களில் 100-க்கு 43 பேரும், நிவோலுமாப் மட்டும் போட்டவர்களில் 37 பேரும் 10 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

இந்த எண்ணை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் அடுத்த வரியையும் படியுங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். உள்ளங்கால் வகை இந்த மருந்துக்கு அந்த அளவு பணிவதில்லை. அதனால் 43 என்ற எண் அப்பச்சிக்கு அப்படியே பொருந்தாது. இன்னொன்று: இரண்டும் சேர்த்துப் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. ஒன்று மட்டும் போட்டவர்களுக்கு அதில் பாதிகூட வரவில்லை. பிரேக்கை எடுத்துவிட்டால் காவல்காரன் சொந்த வீட்டையும் அடிப்பான். குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு என்று எதையும் தாக்கலாம். நம் பக்கத்தில் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துப் பேதி வந்தால், நேற்றுக் கல்யாண வீட்டில் சாப்பிட்டது சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். ஸ்டீராய்டு சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். விட்டால் குடல் ஓட்டையாகிற அளவுக்குப் போகும். ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள், எந்த எண் என்று ஊசி போடும் முன்பே எழுதி வாங்குங்கள்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எது நல்ல மருந்து என்பது இல்லை. ‘இவருக்கு, இந்த வகைக்கு, இரண்டாவது ஊசியைச் சேர்ப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கும், கூடுதலாக என்ன போகும்?’ என்று கேளுங்கள். 72 வயது என்பதைவிட, அப்பச்சி பகல் பொழுதில் எவ்வளவு நேரம் படுக்கையில் இருக்கிறார் என்பதுதான் டாக்டருக்கு முக்கியம். தானே குளித்து, முகப்பு வரை நடந்து வந்து பேப்பர் படிக்கிறார் என்றால் அதைச் சொல்லுங்கள். பாதிப் பகல் படுக்கை என்றால் அதையும் மறைக்காதீர்கள். மூட்டு வாதமோ, சொரியாசிஸோ, தைராய்டோ முன்பே இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

கீமோவைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மெலனோமாவுக்கான டகார்பசின் 1970-களிலிருந்து இருக்கிறது. 100-க்கு 10, 15 பேருக்குக் கட்டி சுருங்கும். அதனால் ஆயுள் நீண்டதாக நிரூபணம் இல்லை. விலை குறைவு என்பதற்காக மட்டும் அதைப் போட்டு ஆளை வாட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. வார்டில் நான் எத்தனையோ பேருக்கு அதை ஏற்றியிருக்கிறேன் என்பதால்தான் சொல்கிறேன்.

பணம். 2023-ல் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துக்கு இறக்குமதி வரியை மத்திய அரசு நீக்கியது. அப்படியும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். மருந்து நிறுவனங்கள் சில டோஸ் வாங்கினால் சில டோஸ் இலவசம் என்று உதவித் திட்டம் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் இந்தச் சிகிச்சையில் எது எது வரும் என்று மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். சென்னைக்குப் போக வேண்டி வந்தால் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றிதழ் படிவம் வேண்டும். விடியற்காலைப் பல்லவனில் என் மடியில் தலை வைத்துப் போன நோயாளிகள் உண்டு, அது வேறு கதை.

வீட்டுப் பங்கை விற்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இந்த மருந்து ஆயுளுக்கும் எழுதிக் கொடுக்கும் சாசனம் இல்லை. 3 வாரத்துக்கு ஒன்றாக 4 டோஸ், 12-வது வாரம் ஸ்கேன். ‘அதுவரை பார்ப்போம். சுருங்கினாலோ அப்படியே நின்றாலோ தொடர்வோம், வளர்ந்தால் நிறுத்துவோம்’ என்று டாக்டரும் நீங்களும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம். (சிலருக்கு மட்டும் முதலில் வீங்கி, அப்புறம் சுருங்கும். அந்தச் சந்தேகம் வந்தால் டாக்டர் இன்னொரு ஸ்கேன் கேட்பார்.) இப்படிப் பேசிவைத்தால் அண்ணனுக்குப் போட்டுப் பார்த்தோம் என்ற நிம்மதி, தம்பிக்கு முடிவில்லாமல் வதைக்கவில்லை என்ற நிம்மதி. இரண்டு பேருமே பாசத்தில்தான் பேசுகிறார்கள். சித்த மருந்து கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அதன் பெயர்களை டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். கல்லீரல் கெட்டால் ஊசியால் கெட்டதா, சூரணத்தால் கெட்டதா என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பாலியேட்டிவ் என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், கைவிடுவது போல. அது மூன்றாவது வழி இல்லை ஆச்சி. எந்த வழியில் போனாலும் கூடவே வர வேண்டியது. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பத்திலேயே அந்தப் பிரிவுக்கும் போனவர்கள் நிம்மதியாகவும் இருந்தார்கள், சில மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். தொடை இடுக்குக் கட்டி வலித்தால் கதிர்வீச்சு கொடுத்து வலியைக் குறைக்கலாம். உடைந்துவிடும் போலிருந்தால் அறுவை செய்யலாமா என்று பார்க்கலாம். நெறிகட்டிகளை எடுத்தால் கால் வீங்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ஃபின் மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஒருவரைப் போதைக்காரராக ஆக்குவது மிக அரிது. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கும் கூடவே மருந்து வாங்குங்கள்.

இப்போது ஆத்தா வாங்கிய சத்தியம். உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது எண்ணிப் பார்த்தேன். அண்ணன் பேசுகிறார், தம்பி பேசுகிறார், ஆத்தா பேசுகிறார், டாக்டர் பேசுகிறார். அப்பச்சி சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

1991-ல் என் அப்பாவுக்கு இரைப்பையில் புற்று. புற்றுநோய் வார்டில் வேலை பார்த்த நானே அவரிடம் அல்சர் என்று சொன்னேன். நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சி மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மருத்துவமனைச் சீட்டில் குத்தியிருந்த முத்திரை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, தெருவில் போன பள்ளிக்கூடப் பையனிடம் படிக்கச் சொல்லியிருக்கிறார். இது எனக்கு எப்போது தெரிந்தது? அவர் போன பதினாறாம் நாள் கழித்து, அவருடைய குறிப்பேட்டைப் புரட்டியபோது. மளிகைக் கடைக்கு 140 ரூபாய் பாக்கி, பால்காரருக்கு 32 ரூபாய் என்று எழுதிய பக்கத்திலேயே, அதே கணக்கப்பிள்ளைக் கையெழுத்தில் ஒரு வரி: ‘சீக்கு விவரம் தெரிந்தது. மகளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.’ தேதி பார்த்தேன். சாவதற்கு 3 மாதம் முன்பு. அந்த 3 மாதமும் நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஐந்தொகை எடுக்கும்போது ஒரு பக்கத்தை மூடி வைத்துவிட்டு மறுபக்கத்தை மட்டும் நீட்டினால் அந்தப் பேரேட்டைத் தொடாத மனிதர். அவர் கணக்கை நான் அப்படித்தான் அவரிடம் நீட்டினேன்.

உங்கள் அப்பச்சியும் கடை வைத்திருந்தவர். சீழ் என்றால் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

முதலில் ஆத்தாவிடம் தனியாகப் பேசுங்கள். சத்தியத்தை மீறப்போகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். ‘அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காததைத் திணிக்கவும் மாட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான தாய்மார்கள் இதற்குச் சம்மதித்துப் பார்த்திருக்கிறேன். அப்புறம் சாயந்தரம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘அப்பச்சி, கால் விஷயமா டாக்டர் நிறையச் சொல்லியிருக்கார். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, இல்லை நாங்க பாத்துக்கவா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நம் வீடுகளில் இதுதான் கஷ்டம். அவர் வாய் திறப்பதற்குள் நாம் ‘ஒண்ணும் இல்ல, சரியாயிரும்’ என்று சொல்லிவிடுவோம்.

நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், நிம்மதியாகச் செய்யுங்கள். தெரிய வேண்டும் என்றால் டாக்டர் அறைக்கு அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள், வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். ஒப்புதல் படிவத்தில் சுயநினைவோடு இருக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அண்ணனோ தம்பியோ இல்லை. அவருக்கு எது முக்கியம், எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். என் வார்டில் திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். டாக்டர் இரண்டு சிகிச்சைகளையும் விளக்கி முடித்ததும், ‘எதுல நான் கதிரறுப்பு வரைக்கும் வயல்ல நிக்கலாம்? அதக் குடுங்க, அறுத்துட்டு வந்து நீங்க சொல்றதக் கேக்குறேன்’ என்றார். டாக்டர் ஒரு நிமிடம் யோசித்து, மருந்துத் தேதிகளை மாற்றி எழுதினார். உங்கள் அப்பச்சிக்கு அது பேத்தி கல்யாணமாக இருக்கலாம். இன்னொரு பூசத்துக்கு, நடந்தோ காரிலோ, பழனிக்குப் போவதாக இருக்கலாம். பங்காளிகளோடு இருக்கும் ஏதோ ஒரு பாகப்பிரிவினையாகவும் இருக்கலாம். அது தெரிந்தால் எந்த வழி என்று டாக்டரே உங்களோடு சேர்ந்து சொல்வார்.

அந்த 10 நாள் போதாவிட்டால் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள். இரண்டாவது கருத்துக்கு அந்த ஸ்லைடுகளையும் பிளாக்கையும் எடுத்துக்கொண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வரலாம். ஒரு வாரத் தாமதத்தில் எதுவும் கெட்டுப்போகாதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: சிஸ்டர், கத்தி பட்டால் புற்று பரவும் என்கிறார்களே, பயாப்ஸி எடுக்கலாமா?
வாசகர், பள்ளத்தூர்

பதில்: எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும். பயாப்ஸியால் மெலனோமா பரவாது. என்னவென்று பரிசோதிக்காமல் கால் ஆணி என்று சீவிப் போடுவதுதான் தப்பு. சீவிய துண்டு குப்பைக்குப் போய்விட்டால் அது எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதே தெரியாது. மெலனோமாவில் ஆழத்தை வைத்துத்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள்.

கேள்வி: என் உள்ளங்காலில் சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
வாசகி, காரைக்குடி

பதில்: மாறாமல் இருக்கும் மச்சத்துக்குப் பயம் வேண்டாம். புதிதாக வந்தது, பெரிதாகிக்கொண்டே போவது, ஓரம் கோணல்மாணலாக இருப்பது, ஒரே மச்சத்தில் கறுப்பும் பழுப்பும் கலந்து இருப்பது, ரத்தம் கசிவது, ஒரு மாதமாகியும் ஆறாத புண், நகத்தில் நீளவாக்கில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு: இதில் ஏதாவது இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறமே இல்லாமல் சிவப்பாகவும் சிலருக்கு வரும். சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைப் பார்ப்பது போல மற்றவர்களும் மாதம் ஒரு தடவை பார்க்கலாம். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலைத் தூக்கிப் பிடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் பேரனைக் கூப்பிட்டுப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.